திருத்தியவர்: முகுந்த்

தர்சிகன்: …ஒருக்கா எண்டால் ஆரோ கை தவறித் தட்டினது எண்டு விடலாம் பிறேமினி. மூண்டு தரம். நான் போடப் போட அது காணாமல் போகுது.

பிறேமினி: முதல்ல இருங்கோ அண்ணை. அந்தக் கதிரையில வேண்டாம், அது ஆடும். இதில இருங்கோ. லூயிஷாமில இருந்து நேர வாறியளோ?

தர்சிகன்: வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிப்போட்டு வாறன். பாதியில ரெயினும் நிண்டிட்டுது. அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடுவியள் எண்டு சொன்னியளே…

பிறேமினி: ஓம். அஞ்சு மணிக்குப் பக்கத்தைப் பூட்டினால் பிறகு ஒருத்தரும் கை வைக்கேலாது. உடனயே அச்சுக்குப் போயிடும். அப்பதான் ஞாயிற்றுக்கிழமை அம்மான்ர முப்பத்தோராம் நாளுக்கு நினைவுக் கல்வெட்டுப் புத்தகம் ஐந்நூறும் உங்கட கையில இருக்கும்.

தர்சிகன்: அப்ப எனக்கு ஒரு மணித்தியாலம்தான். சொல்லுங்கோ. ஆர் அதை அழிக்கிறது?

பிறேமினி: எதை?

தர்சிகன்: தெரியாத மாதிரிக் கேக்கிறியள். தம்பின்ர பேருக்கு முன்னால நான் போடுற "காலஞ்சென்ற". 'தர்சிகன், கம்சிகா, காலஞ்சென்ற முகுந்த் ஆகியோரின் பாசமிகு தாயாரும்' எண்டு அடிச்சுச் சேமிக்கிறன். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தால் அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. தம்பி உயிரோட நிக்கிறான்.

பிறேமினி: கம்சிகா அக்காவைக் கேட்டனீங்களோ?

தர்சிகன்: ரொறன்ரோவுக்குப் போன் எடுத்துக் கத்தினனான். தான் தொடேல்ல எண்டு பிள்ளையளில சத்தியம் பண்ணுறாள். மிச்சம் ஆர்? நீங்கள்தான். எல்லாத் திறப்பும் உங்களிட்டத்தானே இருக்கு.

பிறேமினி: என்ர லொகினால நான் எடுத்தால் என்ர பேரெல்லோ விழும். உதுக்குத்தானே அண்ணை எல்லாரும் இன்ரநெற்றில சேந்து எழுதுற இந்த விக்கி வைச்சிருக்கிறம். முந்தி எல்லாரும் வாட்சப்பில எழுதி அனுப்புவினம். மூண்டு பேர் மூண்டு விதமா. ஒருக்கா ஒரு பெரியவற்ற கல்வெட்டில பாரிசில இருக்கிற மருமகளை விட்டிட்டம். அறுநூறு புத்தகம்…

தர்சிகன்: குப்பையில போட்டது. அம்மா சொன்னவ.

பிறேமினி: அண்டையில இருந்துதான் இது. சொந்தக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொரு லொகின். கனடாவில இருந்து ஒராள் எழுதுவார், பாரிசில இருந்து ஒராள் திருத்துவார், யாழ்ப்பாணத்தில இருந்து எங்கட பிள்ளை ஒண்டு பக்கம் கட்டும். ஆர், எந்த நிமிசத்தில, எந்தச் சொல்லைத் தொட்டது எண்டு எல்லாம் வரலாற்றில நிக்கும். அதை நானே நினைச்சாலும் அழிக்கேலாது.

தர்சிகன்: அந்த வரலாற்றைத்தான் பாத்தனான். பாத்தபடியால்தான் வந்தனான்.

பிறேமினி: என்ன பேர் நிக்குது?

தர்சிகன்: நீங்களே பாருங்கோவன்.

பிறேமினி: பொறுங்கோ… அம்மான்ர பேர், தவநாயகி குலசேகரம். மூண்டாம் பக்கம். வரலாறு. செவ்வாய், சேத்தவர் தர்சிகன். எடுத்தவர்… முகுந்த். புதன், சேத்தவர் தர்சிகன். எடுத்தவர் முகுந்த். இண்டைக்குக் காலமை, சேத்தவர்…

தர்சிகன்: போதும்.

பிறேமினி: எடுத்தவர் முகுந்த்.

தர்சிகன்: போதும் எண்டுறன்.

பிறேமினி: பதினாறு வருசத்துக்கு முந்திக் காணாமல் போன உங்கட தம்பி, தன்ர பேருக்கு முன்னால இருக்கிறதைத் தானே எடுக்கிறார்.

தர்சிகன்: பகிடி விடாதேங்கோ.

பிறேமினி: பகிடி இல்லை அண்ணை. எனக்கும் மேல் சிலிர்க்குது. அம்மா போன நாளில இருந்து அந்த லொகின் ஒரு சொல்லும் எழுதேல்ல. மூண்டு கிழமைக்கு மேல சத்தமே இல்லை. செவ்வாய்க்கிழமை நீங்கள் அந்தச் சொல்லைப் போட்டனீங்கள். முழிச்சுக்கொண்டுது.

தர்சிகன்: லொகின் எப்பிடி முழிக்கும்… ஆரோ ஒரு மனிசன்தான்.

பிறேமினி: ஆர்? அதை நாங்கள் திறந்தது ரெண்டு வருசத்துக்கு முந்தி, உங்கட அப்பாவின்ர கல்வெட்டு செய்யேக்க. அம்மாதான் வந்து நிண்டு கேட்டவ. 'மற்றப் பிள்ளையளுக்கெல்லாம் குடுக்கிறியள், என்ர கடைக்குட்டிக்கு மட்டும் ஏன் இல்லை' எண்டு.

தர்சிகன்: அம்மா… அப்பிடித்தான்.

பிறேமினி: ஈமெயில் ஒண்டு வேணும் எண்டனான். அடுத்த கிழமை கொண்டுவந்து தந்தா. மூத்தவன் செய்து தந்தவன் எண்டு.

தர்சிகன்: அவவின்ர ஆசைக்குச் செய்து குடுத்தனான். சும்மா ஒரு ஈமெயில். அதுக்கென்ன?

பிறேமினி: பிறகு அது எழுதத் தொடங்கினது. அப்பா தோட்டத்தில மிளகாய் செய்தவர் எண்டு கம்சிகா அக்கா எழுத, 'மிளகாய் இல்லை, வெங்காயம். மிளகாய் ஒரு வருசம்தான் வைச்சவர், அதுவும் அழுகினது' எண்டு முகுந்த் திருத்தினது. நினைவிருக்கோ?

தர்சிகன்: அவள் சண்டை பிடிச்சவள். அவளுக்கு வெங்காயமும் தெரியாது, மிளகாயும் தெரியாது.

பிறேமினி: ஆர் திருத்தினது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லையோ?

தர்சிகன்: நான்… அவள்தான் விளையாடுறாள் எண்டு நினைச்சன்.

பிறேமினி: தான் எழுதினதைத் தானே திருத்தித் தன்னோடயே சண்டை பிடிச்சவவோ?

தர்சிகன்: நீங்கள் பொலிசில சேந்திருக்க வேணும்.

பிறேமினி: மன்னாரில எங்கட ஐயாவும் உதைத்தான் சொல்லுறவர். பிறகு அம்மா தன்ர பக்கத்தைத் தானே திறந்தவ. அப்பிடி ஒராளை நான் கண்டதில்லை அண்ணை. 'நான் செத்தாப் பிறகு நீங்கள் கண்டதையும் அடிச்சு வைப்பியள். என்ர கல்வெட்டை நானே பாத்திட்டுத்தான் போவன்' எண்டு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூண்டு மணி பஸ்ஸில வந்து, நீங்கள் இருக்கிற அந்தக் கதிரையில இருப்பா.

தர்சிகன்: இதிலயோ?

பிறேமினி: ஆடாத கதிரை அது ஒண்டுதான்.

தர்சிகன்: இண்டைக்கு வியாழக்கிழமை.

பிறேமினி: ஓம். வந்து இருந்த உடன கேக்கிற முதல் கேள்வி, 'தம்பி ஏதும் எழுதினவனோ?' நான் வாசிச்சுக் காட்டுவன். இதைக் கேளுங்கோ, போன மாசியில எழுதினது. 'அம்மா மீன் வந்த தகரப் பேணியில தேத்தண்ணி ஊத்தித் தருவா. சீனி இல்லாட்டியும் இனிக்கும். முகாமில அந்தப் பேணியை ஆரும் களவெடுத்துப்போடுவினம் எண்டு தலைமாட்டில வைச்சுக்கொண்டுதான் படுப்பா.' வடிவா எழுதியிருக்கிறார்.

தர்சிகன்: …ம்.

பிறேமினி: முகாமில.

தர்சிகன்: என்ன?

பிறேமினி: ஒண்டுமில்லை. முகாமில எண்டு கிடக்கு. தம்பி சண்டை முடிய முதலே காணாமல் போனவர் எண்டெல்லே சொன்னனீங்கள். முகாமுக்கு அவர் வரேல்லை. பேணியை எப்பிடிக் கண்டவர்? இல்லாட்டி வந்திருக்கிறாரோ? உங்களை எல்லாம் எங்கயோ தள்ளி நிண்டு பாத்துக்கொண்டு…

தர்சிகன்: நிப்பாட்டுங்கோ.

பிறேமினி: கேக்கத்தானே வேணும் அண்ணை. உயிரோட இருக்கிற ஒராளை நான் காலஞ்சென்ற எண்டு அச்சடிக்கேலாது.

தர்சிகன்: அவன் உயிரோட இல்லை.

பிறேமினி: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

தர்சிகன்: பதினாறு வருசம்…

பிறேமினி: பதினாறு வருசம் எண்டது சாவில்லையே. மன்னாரில என்ர மாமியும்தான் படத்தைத் தூக்கிக்கொண்டு இண்டைக்கும் ரோட்டில இருக்கிறா.

தர்சிகன்: பிறேமினி… ஐயர் கேட்டவர். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் பிண்டம் வைக்கேக்க, செத்த ஆக்களின்ர பேரெல்லாம் இந்தப் புத்தகத்தைப் பாத்துத்தான் சொல்லுவாராம். 'தம்பின்ர பேரையும் சொல்லுறதோ?' எண்டு கேட்டவர். அவனுக்கு ஒருத்தரும் ஒருநாளும் ஒண்டும் செய்யேல்ல. எட்டு இல்லை, முப்பத்தொண்டு இல்லை, திவசம் இல்லை. ஒரு பிடி சோறு வைக்கேல்ல. அம்மா விடேல்ல. 'உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆரும் செய்வினமோ' எண்டவ. இப்ப அம்மாவும் இல்லை. இந்த ஞாயிறை விட்டால் நான் பிறகு செய்யமாட்டன். எனக்கு என்னைத் தெரியும்.

பிறேமினி: …சரி. இஞ்ச வாங்கோ. கதிரையை இழுத்துக்கொண்டு வாங்கோ. என்ர கொம்பியூட்டரில, உங்கட லொகினில, நீங்களே அடியுங்கோ. நான் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போடுறன்.

தர்சிகன்: கம்சிகா… கமா… அடிச்சிட்டன். சேமிச்சிட்டன்.

பிறேமினி: பக்கத்தை இப்ப ஆர் ஆர் திறந்து வைச்சிருக்கினம் எண்டு மேல காட்டும். பாருங்கோ. எத்தினை?

தர்சிகன்: …ரெண்டு.

பிறேமினி: நான் சீனியைக் கேட்டனான்.

தர்சிகன்: சீனியும் ரெண்டு. ஆக்கள்… பிறேமினி.

பிறேமினி: ம்?

தர்சிகன்: இப்ப மூண்டு பேர்.

பிறேமினி: நீங்கள். நான். மற்றது?

தர்சிகன்: முகுந்த். அதிலயே நில்லுங்கோ. அசையாதேங்கோ. உங்கட கையில என்ன?

பிறேமினி: கேத்தில். மற்றக் கையில கப். ஏன்?

தர்சிகன்: போன்?

பிறேமினி: மேசையில. உங்கட முழங்கைக்குப் பக்கத்தில கிடக்கு.

தர்சிகன்: …சொல்லைக் காணேல்ல.

பிறேமினி: வடிவாப் பாருங்கோ அண்ணை.

தர்சிகன்: நான் கண்ணை எடுக்கேல்ல. இருந்தது. ஒரு ஒரு எழுத்தா… பின்னால இருந்து போனது. ஆரோ பக்கத்தில இருந்து ஆறுதலா அழிக்கிற மாதிரி. நாலு பன்னிரண்டு. எடுத்தவர் முகுந்த்.

பிறேமினி: மடு மாதாவே.

தர்சிகன்: ஆர் இது? ஆர் செய்யிறது?

பிறேமினி: அந்த லொகினின்ர பாஸ்வேர்ட் ஆரிட்ட இருக்கு? அண்ணை, உங்களைத்தான்.

தர்சிகன்: என்னட்ட. என்னட்ட மட்டும்தான். இஞ்ச பாருங்கோ என்ர போனை, நிப்பாட்டி ஜக்கெற்றுக்க கிடக்கு. நான் தொடேல்ல.

பிறேமினி: அப்ப வெங்காயம்?

தர்சிகன்: நான்.

பிறேமினி: மீன் பேணி?

தர்சிகன்: நான்தான். எல்லாம் நான்தான். அந்த ஈமெயிலைச் செய்விச்சுப்போட்டு அம்மா ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேட்டா. 'தம்பி ஏதும் எழுதினவனோ? அவனுக்கு அறிவிச்சதோ?' அப்பா செத்து ரெண்டு கிழமை, அவ ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடேல்ல. ஒருநாள் பஸ்ஸில இருந்து எழுதினன். வெங்காயத்தைப் பற்றி ஒரு வரி. அண்டைக்கு ரெண்டு நேரம் சாப்பிட்டவ எண்டு பக்கத்து வீட்டு மேரிசாந்தி அக்கா சொன்னா. பிறகு எப்பிடி நிப்பாட்டிறது? சொல்லுங்கோ, எப்பிடி நிப்பாட்டிறது?

பிறேமினி: நான் ஒண்டும் சொல்லேல்ல அண்ணை.

தர்சிகன்: வேலையில சாப்பாட்டு நேரத்தில எழுதுவன். அவன் கதைக்கிற மாதிரி, அவன்ர குழப்படியோட. எழுத எழுத… சில நேரம் நான் நினைக்காததும் வரும். அந்தப் பேணியை நான் மறந்துபோனனான். கைதான் எழுதினது. அவன் அங்க இல்லை எண்டதையும் மறந்துபோனன். அம்மா போன அண்டைக்கு நிப்பாட்டினன். சத்தியமா அதுக்குப் பிறகு திறக்கேல்ல.

பிறேமினி: நீங்கள் முகாமில இருக்கேக்க அவர் எங்க இருந்தவர்?

தர்சிகன்: …நேரம் என்ன?

பிறேமினி: நேரம் கிடக்கு. அம்மாவுக்கு என்ன சொன்னனீங்கள்?

தர்சிகன்: சனத்துக்க கையை விட்டிட்டன் எண்டு.

பிறேமினி: விட்டனீங்களோ?

தர்சிகன்: இல்லை. விடேல்ல. தண்ணி எடுக்கப் போனனாங்கள், நானும் அவனும். கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஓடினனான். செல் விழுந்தது. புகை. கையில அவன்ர கை இருந்தது, இழுத்தன், வாடா எண்டன். பாரமா இருந்தான். நான் கனதூரம் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறன்… பிறகுதான் திரும்பிப் பாத்தன்.

பிறேமினி: அண்ணை…

தர்சிகன்: ஆரோ விட்டிட்டுப் போன பங்கர் ஒண்டு. அதுக்க இறக்கி, என்ர சேட்டைக் கழட்டி முகத்துக்கு மேல போட்டு, மண்ணை அள்ளி மூடினன். கையால. மண்வெட்டிக்கு எங்க போறது? அம்மா கொஞ்சம் தள்ளி நிக்கிறா, எங்களுக்காக. நான் மேலில சேட் இல்லாமல் தனிய வாறன். 'தம்பி எங்கையடா?' எண்டு கேட்டா. வாய் வரேல்ல. சனத்துக்க கையை விட்டிட்டன் எண்டன். அப்பிடியே நிண்டிட்டுது. பதினாறு வருசம், அந்த ஒரு பொய்யை வைச்சுக்கொண்டுதான் அவ உயிரோட இருந்தவ.

பிறேமினி: பேரைச் சொல்லிச் சொல்லுங்கோ.

தர்சிகன்: என்ன?

பிறேமினி: ஆருக்கு என்ன நடந்தது எண்டு. ஒருக்கா, முழுசா, வாயால.

தர்சிகன்: ஏன்? உங்களுக்கு விளங்கேல்லையோ?

பிறேமினி: எனக்கு விளங்கிட்டுது. நீங்கள் சொல்லுங்கோ.

தர்சிகன்: …என்ர தம்பி முகுந்த் செத்துப்போனான். நான்தான் தாட்டனான்.

பிறேமினி: …

தர்சிகன்: என்ர தம்பி செத்துப்போனான் அம்மா.

பிறேமினி: இந்தாங்கோ, ரிஸ்யூ. ஆறுதலா… இப்ப திரும்ப அடியுங்கோ.

தர்சிகன்: திரும்ப எடுக்கும்.

பிறேமினி: அடியுங்கோ.

தர்சிகன்: கா… ல… கண் தெரியேல்ல. ம். அடிச்சிட்டன்.

பிறேமினி: பொறுங்கோ.

தர்சிகன்: இருக்கு.

பிறேமினி: இன்னும் பொறுங்கோ. நாலு ஐம்பது… ஐம்பத்திரண்டு…

தர்சிகன்: இருக்கு. எழுத்து அசையேல்ல. மேல… ரெண்டு பேர்தான் நிக்கினம். நீங்களும் நானும். அவன் போயிட்டான்.

பிறேமினி: அப்ப பூட்டட்டோ?

தர்சிகன்: பூட்டுங்கோ.

பிறேமினி: பூட்டியாச்சு. இனி இது ஐந்நூறு புத்தகத்திலயும் இருக்கும். ஐயருக்குச் சொல்லுங்கோ, அம்மாவோட தம்பியும், ரெண்டு பேர் எண்டு.

தர்சிகன்: ஓம்… ரெண்டு பேர்.

பிறேமினி: தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

தர்சிகன்: பிறேமினி. இந்த முறை நிக்கும் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

பிறேமினி: சீனி போதுமோ?

தர்சிகன்: நான் கேக்கிறன்.

பிறேமினி: …உங்கட பக்கத்து மேசை லாச்சியைத் திறவுங்கோ. மேல ஒரு துண்டு கிடக்கும்.

தர்சிகன்: இது அம்மான்ர எழுத்து. இது… பாஸ்வேர்ட்.

பிறேமினி: தம்பின்ர பிறந்தநாளைத்தானே போட்டு வைச்சனீங்கள். 'மூத்தவனுக்கு வேற என்ன வரும்' எண்டு சிரிச்சவ.

தர்சிகன்: எப்ப தந்தவ?

பிறேமினி: மீன் பேணியை வாசிச்சதுக்கு அடுத்த வியாழன். வாசிச்ச அண்டைக்குக் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சா. 'என்ர கடைக்குட்டி முகாமுக்கு வரேல்லையே பிள்ளை' எண்டா. அவ்வளவுதான்.

தர்சிகன்: அப்ப அம்மாவுக்குத் தெரியும்.

பிறேமினி: 'அவன் எனக்காண்டி எழுதுறான், எழுதட்டும். நான் அவனுக்காண்டி நம்பிறன்' எண்டவ. போறதுக்கு முந்தின கிழமையும் வந்து, தம்பி ஏதும் எழுதினவனோ எண்டுதான் கேட்டவ. அண்டைக்குத்தான் சொன்னவ. 'நான் போனாப் பிறகு மூத்தவன் அந்தச் சொல்லைப் போடுவான். வாயால சொல்லாததை எழுத்தில போட்டிட்டு, மிச்சக் காலமும் தனியத் தூக்கிக்கொண்டு திரியப்போறான். விடாதை. எடுத்து விடு. எரிச்சல்பட்டு உன்னட்ட வருவான். சொல்ல வை' எண்டு.

தர்சிகன்: அப்ப நீங்கள்தான். நாலு தரமும் நீங்கள்தான் எடுத்தனீங்கள்.

பிறேமினி: மூண்டு தரம் அண்ணை.

தர்சிகன்: நாலாவது?

பிறேமினி: 'மூண்டு தரம் நீ எடு பிள்ளை. இஞ்ச வந்து இருந்தும் வாய் திறக்காட்டி, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான், இப்ப நீங்கள் இருக்கிற கதிரையில இருந்து எழும்பிப் போனவ.